போகவும் ஏ, வரவும் ஏ

கோலாலம்பூரிலிருந்து காலையில் பினாங்குக்குப் பறந்து, மாலையில் திரும்புகிறீர்களா? இரண்டு பயணத்துக்கும் ஏ இருக்கையையே எடுங்கள், அதாவது இடப்பக்க ஜன்னல்.

விமானம் வடக்கு வடமேற்காகப் போவதால் காலை வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும். சாய்வான வெயில் பட்டால் ஜன்னலில் உள்ள கீறல் ஒவ்வொன்றும் பளிச்சென்று மின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் அந்தத் தொல்லை இல்லை: செகிஞ்சானின் கட்டம் கட்டமான வயல்கள், அப்புறம் பங்கோர் தீவு, மலாக்கா நீரிணை. மாலையில் திரும்பும்போது வெயில் மேற்கே போய்விடும். அதே ஏ பக்கம் தித்திவங்சா மலைத்தொடர், பொன்வெயில் பட்டு நிற்கும். அதைப் பார்க்காமல் தூங்கிவிடாதீர்கள்!

இறக்கைக்கு முன்வரிசையே நல்லது. பின்னால் உட்கார்ந்தால் இன்ஜின் வெப்பக்காற்றில் காட்சி அலையடிக்கும். கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து போகும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் வரிசையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

நண்பகலில் வெயில் உச்சியில் இருக்கும். எந்தப் பக்கமும் சரி. மேகமூட்டத்தில் இது உதவாது. பினாங்குப் பாலங்களைப் பார்ப்பதற்கும் இதை நம்ப வேண்டாம், காற்றைப் பொறுத்துத் தரையிறங்கும் திசை மாறும்.