கிரிக்கெட் வெள்ளையில் பூசணம்: சட்டை பிழைத்தது, பேன்ட் போனது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் மின்சாரம் இல்லை. பாலுக்கும் குடிநீருக்கும் அலைந்ததில் மகளின் கிரிக்கெட் பை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. புயலுக்கு முந்தைய சனிக்கிழமை தூறலில் பயிற்சி பாதியில் நின்று திரும்பியவள், ஈரச் சட்டையையும் பேன்ட்டையும் சுருட்டிப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறாள்.

பத்து நாள் கழித்துத் திறந்தேன். நனைந்த சாக்கு மூட்டையைப் பிரித்தது போல ஒரு வாடை. சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். காலரிலும் அக்குளிலும் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. பேன்ட்டில் புள்ளி குறைவு, நாற்றம் அதிகம்.

சட்டையை மீட்டுவிட்டேன். பேன்ட்டைப் பூசணம் கெடுக்கவில்லை, நான் கெடுத்தேன். அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் ஜெர்சி, டிராக் பேன்ட், என் கணவரின் இறகுப்பந்துச் சட்டை என்று பலவற்றை இதே முறையில் தேற்றியிருக்கிறேன். இப்போது கை பழகிவிட்டது.

பேன்ட் போன கதை

கரும்புள்ளியைப் பார்த்ததும் நம் கை தானாகப் போவது குளோரின் ப்ளீச் பாட்டிலுக்குத்தான். நானும் அதைத்தான் செய்தேன். புள்ளிகள் மறையவில்லையே என்று இரண்டாம் முறையும் ஊற்றினேன், அதுவும் அளவு பார்க்காமல். அலசி எடுத்தபோது இடுப்புப் பட்டி இழுத்த இழுப்பில் அப்படியே நின்றுவிட்டது, திரும்பச் சுருங்கவில்லை. வெள்ளைத் துணி வெளிறிய மஞ்சளாகியிருந்தது. விளையாட்டு உடைகளில் இழுபடும் தன்மைக்காகச் சேர்க்கும் ஸ்பான்டெக்ஸ் இழையைக் குளோரின் தின்றுவிடும். உள்பக்க லேபிளைப் படித்திருந்தால் போதும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் எந்த ப்ளீச்சும் கூடாது. முக்கோணத்துக்குள் இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாத ப்ளீச் மட்டும் போடலாம். என் பேன்ட்டில் இருந்தது இரண்டு சாய்கோடு.

இதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. பூசணம் சாவது வேறு, கறை போவது வேறு. பூஞ்சை முதல் ஊறலிலேயே செத்திருக்கலாம். அது இழைக்குள் விட்டுச்சென்ற கருமை, அவ்வளவு சீக்கிரம் போகாது. கறை தெரிகிறதே, இன்னும் உயிரோடு இருக்கிறதோ என்று பயந்து மருந்தைக் கூட்டினால் துணிதான் சாகும்.

1. தண்ணீரில் போடாதீர்கள்

முதல் வேலை துணியைக் காயவைப்பது. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வெயிலில் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகு, உலர்ந்த பழைய பல் ப்ரஷ்ஷால் புள்ளிகளை மெதுவாகத் தட்டித் துலக்குங்கள். ஈரத்தில் தேய்த்தால் மேலே இருப்பது இழைக்குள் இறங்கும். வீட்டுக்குள் உதறவே கூடாது. பூஞ்சையின் வித்துத்தூள் பறந்து மெத்தையிலும் திரைச்சீலையிலும் போய் உட்காரும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வீசிங் தொல்லை உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

துணி துவைக்கும் முரட்டு ப்ரஷ் வேண்டாம். பாலியஸ்டர் துணியில் அது சின்னச் சின்ன உருண்டைகளாகப் பஞ்சைக் கிளப்பிவிடும். பூசணம் போனாலும் சட்டை பழசாகத் தெரியும். மென்மையான பல் ப்ரஷ்தான் என் கட்சி.

2. வாடைக்கு வினிகர்

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர், ஒரு மணி நேரம். மக்கிய வாடை பெருமளவு இதிலேயே இறங்கிவிடும். கறைக்கு இதை நம்ப வேண்டாம். பிறகு வினிகர் நெடி போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி, நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். பார்க்க அழகு. ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வாளியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத்தண்ணீர்.

இது விளையாட்டில்லை: குளோரின் ப்ளீச்சுடன் வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. குளோரின் ப்ளீச் வைத்த வாளியை வினிகருக்கு எடுப்பதானால் முதலில் நன்றாகக் கழுவுங்கள்.

3. ஊறவைத்தல் (நான் இரண்டு முறை தோற்ற இடம்)

கறையை எடுப்பது ஆக்சிஜன் ப்ளீச். கறை நீக்கும் பவுடர் என்று பெட்டியிலும் டப்பாவிலும் விற்கிறார்களே, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு நிறத்தை வெளுக்கும், சோடா அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும்.

முதல் முறை குழாய்த் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றும் நடக்கவில்லை என்று டப்பாவைத் திட்டினேன். தப்பு டப்பாவின் மேல் இல்லை. பச்சைத் தண்ணீரில் இந்தப் பவுடர் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்காகக் கொதிக்கும் தண்ணீரும் கூடாது; பெரும்பாலான விளையாட்டு உடைகளின் லேபிளில் 30 அல்லது 40 டிகிரி என்றுதான் இருக்கும். வெப்பமானி எல்லாம் வேண்டாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் மூன்று பங்குக்குக் கொதிநீர் ஒரு பங்கு கலந்தால் 45 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பவுடர் கரைத்து முடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும். கையை விட்டால் சுருக்கென்று இருக்க வேண்டும், ஆனால் எடுக்கத் தோன்றக் கூடாது.

என் அளவு: ஐந்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் முழுக்கக் கரைந்த பிறகுதான் துணி உள்ளே போக வேண்டும். கரையாத துகள் வண்ணத்துணியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் திட்டாகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் தோல் வறண்டு உரியும்.

இரண்டாம் முறை தண்ணீர் சரி, நேரமும் சரி, இருந்தும் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை அப்படியே இருந்தது. சட்டைக்குள் காற்று புகுந்து பலூன் போல உப்பி, அந்தப் பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலே மிதந்திருக்கிறது! ஆறு மணி நேரமும் அது மருந்தையே பார்க்கவில்லை. இப்போது துணியை அமுக்கி, மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைக்கிறேன். இரும்பு எதுவும் வேண்டாம்; துருவின் பக்கத்தில் பெராக்சைடு வீணாகும், போதாததற்குத் துருக்கறையும் ஏறும். பேன்ட் கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணிக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அதற்கு மேல் அந்தத் தண்ணீரில் சத்து பெரிதாக இருக்காது. இரவு முழுக்க வைப்பதைவிடப் புதிதாக இன்னொரு வாளி கலப்பது மேல். என் மகளின் சட்டைக்கு மூன்று வாளி ஆனது. முதல் வாளியில் கருப்பு பழுப்பாகியது, இரண்டாவதில் தேநீர்க்கறை அளவுக்கு வந்தது. கலந்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துச் சேமிக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

வண்ண ஜெர்சிக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு முன் உள்தையலில் ஒரு துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். முதுகில் பெயரும் எண்ணும் ஒட்டிய ஜெர்சியை உள்புறம் வெளியே தெரியுமாறு திருப்பித்தான் ஊறவைக்க வேண்டும். எழுத்தின் மேல் ப்ரஷ் படக் கூடாது.

என் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, “வெள்ளாவி வைத்திருந்தால் ஒரே இரவில் போயிருக்கும்” என்றார். சிரித்தேன், ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஊரில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் முக்கிய துணியைப் பானையில் அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். காரமும் சூடும் நேரமும் அன்றைக்கும் அதே கணக்கு. பருத்தி வேட்டி அதைத் தாங்கும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பாலியஸ்டர் தாங்காது என்று அம்மாவிடம் சொன்னேன். “அப்படியென்ன துணி” என்று எழுந்து போய்விட்டார்.

4. துவைத்தல்

வழக்கம் போலத்தான். திரவச் சோப்பு, அதுவும் பாதி அளவு. துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்வையை இழுத்து உலரவிடும் துணியின் மேல் அது மெழுகு போலப் படிந்துகொள்ளும். துணி சீக்கிரம் காயாது, அழுக்கும் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழையைப் பூஞ்சை எளிதில் தின்பதில்லை. அதற்குச் சாப்பாடு, இழையில் தங்கிய வியர்வையும் எண்ணெயும் சோப்புமிச்சமும்தான். பருத்தியானால் இழையே சாப்பாடு. அதனால்தான் பூசணம் பூத்த பழைய பனியன் விரல் பட்டாலே கிழிகிறது.

5. ஈரமாக இருக்கும்போதே பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் பிடித்துப் பாருங்கள். ட்யூப்லைட்டில் தெரியாத பழுப்பு அங்கே தெரியும். கறை மிச்சமிருந்தால் இஸ்திரியோ டிரையரோ கூடாது, சூட்டில் அது நிலைத்துவிடும். மறுபடி மூன்றாம் படி. கறை போய்விட்டால் வெயிலில் போடுங்கள். வெள்ளைக்கு நேர் வெயில், வண்ணத்துக்கு உள்புறம் திருப்பி.

டிசம்பரில் வெயிலுக்கு எங்கே போவது? மின்விசிறிக்குக் கீழே, ஒரு ஹேங்கரில் ஒரே ஒரு சட்டை. கொடியில் நெருக்கிப் போட்டால் அக்குளும் தையலும் காயாமல் மறுநாளே வாடை வரும். ஈரத்துணியில் பூசணம் கிளம்ப ஒன்றிரண்டு நாள் போதும் என்பதால், இப்போது எங்கள் வீட்டில் கிரிக்கெட் பை வாசலைத் தாண்டும்போதே ஜிப் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம். மகள் முணுமுணுப்பாள், ஆனால் திறப்பாள்.

அந்தச் சட்டையின் அடிமடிப்பில் மூன்று புள்ளிகள் கடைசிவரை போகவில்லை. பேன்ட்டுக்குள் செருகினால் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன்.

பின்சேர்க்கை: மஞ்சளாகிறது என்றவர்களுக்கு

பின்னூட்டத்தில் இரண்டு பேர், எல்லாம் சொன்னபடி செய்தும் துணி மஞ்சளானது என்று எழுதியிருந்தார்கள். இருவர் வீட்டிலும் போர்வெல் தண்ணீர். வாளியின் உள்பக்கத்தில் செம்பழுப்புக் கோடு விழுகிறது என்றால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். பெராக்சைடு அந்த இரும்பைத் துருவாக்கித் துணியில் ஏற்றிவிடும், தானும் சீக்கிரம் செத்துப்போகும். ஊறவைக்கும் ஒரு வாளிக்கு மட்டுமாவது மெட்ரோ வாட்டரோ வடிகட்டிய தண்ணீரோ பயன்படுத்துங்கள். என் பேன்ட்டின் மஞ்சளுக்கும் இது பாதிக் காரணமாக இருக்கலாம். எங்கள் குடியிருப்பிலும் கலப்புத் தண்ணீர்தான்.

பின்சேர்க்கை 2: துவைத்த பிறகும் வாடை

முன்பக்கம் கதவு வைத்த இயந்திரமானால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பாருங்கள். நான் விரித்தபோது மடிப்புக்குள் கறுப்புச் சேறு, ஒரு முடி ரப்பர், ஊறிப்போன பஸ் டிக்கெட். பூசணத்தைத் துணியிலிருந்து எடுத்து, பூசணத்துக்குள்ளேயே துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வளையத்தைத் துடைத்து, துணியே போடாமல் ஆக்சிஜன் ப்ளீச் பவுடருடன் வெந்நீரில் ஒரு முறை ஓட்டினேன். இப்போது துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வைக்கிறோம்.

பின்சேர்க்கை 3: பேட்டிங் கையுறை

உள்ளங்கைப் பகுதி தோல். வாளியில் முக்க வேண்டாம், எந்த ப்ளீச்சும் வேண்டாம். வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் அப்பளம் போல விறைத்துவிடும். தாளை ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.