'தி வயர்' தொடரை முதன்முறையாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு

எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2002 முதல் 2008 வரை ஒளிபரப்பான, காவல்துறையையும் போதைப்பொருள் கும்பலையும் பற்றிய 'தி வயர்' தொடரை, ஐந்து சீசன்களிலும் சேர்த்து 60 அத்தியாயங்கள் என்று மலைக்காமல், முதல் அத்தியாயத்திலிருந்தே வரிசையாகப் பார்க்க வேண்டும். நடுவில் நுழைந்தால் ஒன்றும் பிடிபடாது.

தொடக்க அத்தியாயங்கள் பொறுமையைச் சோதிக்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகர நாளிதழ் ஒன்றில் குற்றச் செய்தியாளராக இருந்த டேவிட் சைமன், அந்நகரக் காவல்துறையில் துப்பறிவாளராகப் பணியாற்றிய எட் பர்ன்சுடன் இணைந்து எழுதிய கதை என்பதால், காவலர்களின் அலுவலகப் பேச்சும் தெருமுனையில் போதைப்பொருள் விற்கும் இளைஞர்களின் கொச்சை வழக்கும் எவ்வித விளக்கமுமின்றி வந்து விழும். ஆங்கிலம் நன்கறிந்தவரும் சப்டைட்டிலை இயக்கிக்கொள்வது நல்லது. பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. யார் யாருக்குக் கட்டளையிடுகிறார், யார் யாருக்கு அஞ்சுகிறார் என்பதைக் கவனித்து வந்தால், காவல்துறையும் கும்பலும் எத்தனை ஒத்த படிநிலையில் இயங்குகின்றன என்பது தானே விளங்கும். உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசை ஏறத்தாழ இல்லை என்பதால், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்ப்பவருக்கு முக்கியமான காட்சிகள் நழுவிவிடும்.

இரண்டாம் சீசன் திடீரெனத் துறைமுகத் தொழிலாளர்களிடம் செல்கிறது. பலர் சலிப்புற்று விலகும் இடம் இதுவே; ஆயினும் தவிர்க்கக் கூடாது. பள்ளிச் சிறுவர்களைப் பற்றிய நான்காம் சீசனே, என் கணிப்பில், தொடரின் உச்சம். வன்முறையும் வசைச்சொற்களும் மிகுதி என்பதால், குழந்தைகள் உறங்கிய பிறகு பார்ப்பதே உத்தமம்.