மடியில் கனம் இருந்தால் வழியில் பயமில்லை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஹாரன். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. இப்போது நான் துணியில் தைத்துக் கொடுத்த கனமான மூட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

உடம்பின் மேல் சீரான அழுத்தம் இருந்தால் சிலருக்குப் படபடப்பு தணியும். ஆட்டிசம் உள்ள அமெரிக்க அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்து, 18 வயதிலேயே தனக்கென ஓர் அழுத்தும் பெட்டி செய்துகொண்டார். நமக்குத் தையல் மெஷின் போதும். ஒன்று, பாரமே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் திணிக்காதீர்கள்.

எடைக்கு, உடல் எடையில் சுமார் 5 சதவீதம் என்று தொடங்கலாம். என் மகன் 24 கிலோ, அதனால் மூட்டை 1 கிலோ 200 கிராம்.

உள்ளே போட முதலில் அரிசியைத்தான் எடுத்தேன். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தது. எனக்கு முன்பே அவன் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது! இப்போது புளியங்கொட்டை. காரமடைச் சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பினார்கள். வாணலியில் வறுத்து நன்றாக ஆறவிடுங்கள், இல்லையென்றால் வண்டு வரும்.

கெட்டிப் பருத்தித் துணியில் 42க்கு 32 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். நீளப் பக்கம் ஒன்றை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டுத் திருப்புங்கள். அப்புறம் திறந்த வாயிலிருந்து அடிவரை மூன்று கோடு தைத்தால் நான்கு குழாய் கிடைக்கும். குழாய்க்கு 100 கிராம் கொட்டி, கொட்டைகளை அடியில் ஒதுக்கிவிட்டுக் குறுக்கே தையுங்கள். கொட்டை மேல் ஊசி இறங்கினால் ஊசிதான் உடையும் (எனக்கு இரண்டு போயிற்று). இப்படியே மூன்று வரிசை, மொத்தம் 12 அறை. கடைசியில் வாயை உள்ளே மடித்து மூடுங்கள்.

மூட்டையைத் துவைக்க முடியாது, அதனால் கழற்றும்படி ஓர் உறை வேண்டும். கம்பளி குத்தும். மூன்று துணிகளைக் கையில் கொடுத்தேன், அவன் பழைய லுங்கியை எடுத்தான். சரி, லுங்கியே.

நீலகிரியில் தைலம் இல்லாத வீடு ஏது? "ரெண்டு சொட்டு விடும்மா" என்றார் அத்தை. வேண்டவே வேண்டாம். நமக்கு இதமான வாசனை அவனுக்குத் தலைவலி, அதோடு தைலம் வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு.

தூங்கும்போது வைக்காதீர்கள். தானே தள்ளிவிட முடியாத குழந்தைக்கும், கைக்கு வந்ததை வாயில் போடும் குழந்தைக்கும் இது கூடாது. மூச்சுக் கோளாறோ வலிப்போ இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் 20 நிமிடம் வைப்போம், அதற்கு முன்பே அவன் தள்ளினால் எடுத்துவிடுவோம்.

பஸ்ஸில் வரும் வாந்திக்கு மட்டும் மூட்டை உதவாது. அதற்குக் காகிதப் பை எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை.