பிள்ளையை வரிக் கணக்கில் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் கல்லூரி விடுதியில் இருந்தபடியே மகன் கைப்பேசியில் பத்து நிமிடத்தில் தன் வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுகிறான். கோடை விடுமுறையில் கடையில் வேலை பார்த்தபோது சம்பளத்தில் பிடித்த இருநூறு டாலர் அவனுக்குத் திரும்பி வருகிறது. மார்ச்சில் பெற்றோர் தங்கள் கணக்கை அனுப்பினால், மகனுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அரசு தரும் அடையாள எண்) காரணம் காட்டி அது நிராகரிக்கப்படுகிறது. ‘உங்களை வேறொருவர் தம் டிபென்டன்டாக (தம்மைச் சார்ந்திருப்பவராக) காட்ட முடியுமா?’ என்ற கேள்விக்கு மகன் ‘முடியாது’ என்று குறித்திருப்பான். கேள்வி ‘முடியுமா’ என்றுதான் இருக்கிறது, ‘காட்டப் போகிறார்களா’ என்று இல்லை என்பதை எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் நம் குடும்பங்களில் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான்.

டிபென்டன்ட் ஆவதற்கான பொது வயது வரம்பு ஆண்டு முடிவில் 19 வயதுக்குள் என்பது. அந்த ஆண்டில் ஐந்து மாதங்களிலாவது முழுநேர மாணவராக இருந்தால் அது 24 வயதுக்குள் என்று நீளும். விடுதியில் தங்கிப் படிக்கும் காலம் தற்காலிகப் பிரிவாகவே கருதப்படுவதால், அவன் பெற்றோருடன் வசித்ததாகவே கணக்கு. பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் செய்திருக்க வேண்டும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே செய்திருக்கக் கூடாது என்பதே விதி. கல்லூரி உதவித்தொகை அவன் செய்த செலவில் சேராது. இருநூறு டாலர் ரீஃபண்டை வாங்குவதற்கு அவன் டிபென்டன்ட் அல்ல என்று சொல்லவேண்டிய தேவையே இருந்ததில்லை. அப்படிச் சொன்னதால் பெற்றோர் 2,500 டாலர் வரை பெறக்கூடிய கல்விச் சலுகை தடைப்படுகிறது. தவறு நடந்துவிட்டால், மகன் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திய கணக்கைத் தரவேண்டும்.

டிபென்டன்ட் என்ற ஒரு தகுதி கிடைத்துவிட்டால் எல்லாச் சலுகைகளும் தாமாக வந்துசேரும் என்று எண்ணுவது அடுத்த தவறு. பிள்ளைக்கான வரிச் சலுகையான சைல்ட் டாக்ஸ் கிரெடிட் பெற, டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு 17 வயது நிறைந்திருக்கக் கூடாது. 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கு அது பிள்ளைக்கு 2,200 டாலர் வரை. 17 நிறைந்தால் 500 டாலர் சலுகை மட்டுமே. பகல்நேரக் காப்பகச் செலவுக்கான சலுகையோ பொதுவாக 13 வயதுடன் நின்றுவிடுகிறது.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. டபிள்யூ-7 படிவம் மூலம், அந்த எண் பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண்ணை வாங்கி டிபென்டன்டாகக் காட்டலாம். ஆனால் 2,200 டாலர் சலுகைக்கு வேலை செய்யத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் பிள்ளைக்கு இருக்கவேண்டும். 2025 முதல் பெற்றோரில் ஒருவருக்காவது அது இருக்கவேண்டும். ஐ.டி.ஐ.என். வைத்திருக்கும் பிள்ளைக்கு 500 டாலர்தான். சோஷியல் செக்யூரிட்டி எண் கணக்குத் தாக்கலின் கெடுவுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கிரீன் கார்டு வந்து எண்ணுக்காகக் காத்திருப்பவர்களும், டிசம்பர் கடைசியில் குழந்தை பிறந்தவர்களும் ஏப்ரல் 15க்குள் 4868 படிவம் கொடுத்தால் கெடு அக்டோபர் 15 வரை நீளும். எண்ணும் அதற்குள் வந்துவிடும். வரி பாக்கி இருந்தால் அதை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். டிசம்பர் 31 இரவு பிறந்த குழந்தைக்கும் முழு ஆண்டுச் சலுகை உண்டு.

பிரிந்து வாழும் பெற்றோரிடையே வரும் சிக்கல் மனத்தை நோகடிக்கும் சிக்கல். பிள்ளை அதிக இரவுகள் யாருடன் தங்கியதோ அவரே சட்டப்படி பொறுப்புள்ள பெற்றோர். இரவுகள் சரிசமமானால் வருமானம் அதிகமுள்ளவர். எனக்குத் தெரிந்த ஒரு தாய் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய காலண்டரில், மகள் தன்னுடன் உறங்கிய ஒவ்வொரு இரவையும் பச்சை மையால் வட்டமிட்டு வந்தார். 365 கட்டங்களில் 190 பச்சை வட்டங்கள். இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. விவாகரத்துத் தீர்ப்பில் ‘தந்தை காட்டிக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தாலும், 2008க்குப் பிந்தைய தீர்ப்பு என்றால் அது அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் போதாது, தாய் 8332 படிவத்தில் கையெழுத்திட்டுத் தரவேண்டும். அப்போதும் தந்தைக்குப் போவது முக்கியமாக சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டோ 500 டாலர் சலுகையோதான். குடும்பத் தலைவர் என்ற தாக்கல் நிலையும், உழைப்பு வருமானச் சலுகையும், காப்பகச் சலுகையும் தாயிடமே நிற்கும். உரிமை இல்லாதவர் முந்திக்கொண்டு தாக்கல் செய்துவிட்டால் உரியவர் சோர்ந்துவிட வேண்டாம்: தாக்கல் செய்பவரின் அடையாளத்தைக் காக்க ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.பி. பின் எண்ணைச் சேர்த்தால், 2025 தாக்கல் பருவம் முதல் அவரது கணக்கை மின்வழியிலேயே ஏற்கிறார்கள்.

மாநில வரியில், ஃபெடரல் படிவத்தில் போட்டதையே போட்டால் போதும் என்று இருந்துவிடுவது கைக்கு வரவேண்டிய பணத்தை விட்டுவிடுவதாகும். டெக்ஸாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரியே இல்லை. நியூ ஜெர்சியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, 80,000 டாலர் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குத் தனிச் சலுகை உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு மேலும் 1,000 டாலர் கழிவு உண்டு, ஆனால் அதற்கு வயது வரம்பு 24 அல்ல, 22. கலிஃபோர்னியாவிலோ எந்த எண்ணும் பெற முடியாத பிள்ளையையும் 3568 படிவத்தை இணைத்து டிபென்டன்டாகக் காட்டலாம்.

ஐ.ஆர்.எஸ். விசாரித்தால் பிறப்புச் சான்றிதழ் உறவை மட்டுமே நிரூபிக்கும். உடன் வசித்ததை நிரூபிக்க, பிள்ளையின் பெயரும் வீட்டு முகவரியும் தேதிகளும் கொண்ட பள்ளிக் கடிதமோ மருத்துவர் கடிதமோ வேண்டும். விதிகளைப் பொருட்படுத்தாமல் சலுகை கோரியதாக முடிவானால் அதை இரண்டு ஆண்டுகளுக்கு மறுப்பார்கள். மோசடி என்றால் பத்து ஆண்டுகள். நேர்மையான பிழைக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் ஒருமுறை மறுக்கப்பட்ட சலுகையைத் திரும்பக் கேட்கும்போது பெரும்பாலும் 8862 படிவத்தை இணைக்க வேண்டியிருக்கும். பள்ளிக் கடிதத்தைக் கோடை விடுமுறை தொடங்குமுன் மே மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஜூலையில் அலுவலகத்தில் ஆள் இருப்பது அரிது.