பழைய கணினியில் சொந்தமாக ஒரு கிளவுட்: பிராக்ஸ்மாக்ஸ் நிறுவலும், என்னை நிறுத்திவைத்த பிரிட்ஜும்

வி.எம், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி, ஓடுகிறது. உள்ளே லினக்ஸ் ஏறிவிட்டது. ஆனால் அதிலிருந்து ரவுட்டருக்குக்கூடப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) போகவில்லை. இரண்டு நாள் மாலை நேரம் முழுக்க எனக்கு இதிலேயே போனது. காரணம் தெரிந்த பிறகு சரிசெய்யச் சில நிமிடங்கள்தான் ஆயின. நான் தேடிப் படித்த விளக்கங்களில் இந்த இடத்தை யாரும் நின்று சொல்லவில்லை. அதனால், ஒரே கணினியில் பல வி.எம்-களை ஓட்டும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸை நிறுவும் மற்ற படிகளை வேகமாகச் சொல்லிவிட்டு, இதில் மட்டும் கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு பில். வாடகை கிளவுட் ஒன்றில் சோதனைக்காக ஒரு சர்வர் எடுத்தேன், வேலை முடிந்ததும் அழித்தேன். சர்வர் போய்விட்டது. அதனுடன் இணைந்திருந்த டிஸ்க்கும், ஒதுக்கப்பட்ட ஐ.பி முகவரியும் போகவில்லை. இரண்டும் தனித்தனியாக மாதாமாதம் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தன. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போகுமோ என்ற பயம் இருக்கக் கூடாது. உடைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அமேசான் 2006-இல் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3-யையும், அதே ஆண்டு சர்வரை வாடகைக்குத் தரும் இ.சி.2-வையும் வெளியிட்ட பிறகுதான் கிளவுட் என்ற சொல்லே பரவலானது. அதற்கு மாற்றாக 2010-இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திறமூலத் திட்டம் ஓப்பன்ஸ்டாக். தேடினால் முதலில் வருவதும் அதுதான். நல்ல மென்பொருள். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர் அதில் கைவைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வி.எம் இயக்க நோவா, நெட்வொர்க்குக்கு நியூட்ரான், உள்நுழைவுக்கு கீஸ்டோன், டிஸ்க்குக்கு சிண்டர் என்று ஒவ்வொன்றும் தனிச் சேவை. ஒன்று படுத்தால் எது படுத்தது என்று கண்டுபிடிக்கவே தனி அனுபவம் வேண்டும். அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் அதைவிட எளிது. அதுவும் பல கணினிகளைச் சேர்த்து ஆள்வதற்காக எழுதப்பட்டதுதான்.

ஒரே ஒரு கணினி கையில் இருந்தால் பிராக்ஸ்மாக்ஸ் வி.இ போடுங்கள். வியன்னாவில் உள்ள நிறுவனம் ஒன்று 2008-இல் வெளியிட்டது, ஏ.ஜி.பி.எல் என்ற திறமூல உரிமம், அடியில் இருப்பது டெபியன் லினக்ஸ். வி.எம்-களை இயக்க கே.வி.எம், கன்டெய்னர்களை (தனி இயங்குதளம் ஏற்றாமல், கணினியின் லினக்ஸையே பகிர்ந்து ஓடும் தனி அறைகள்) இயக்க எல்.எக்ஸ்.சி. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உலாவியிலேயே முடித்துவிடலாம். முனையத்தில் கட்டளை தட்டி வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு இன்கஸ் என்ற இதே மாதிரி மென்பொருள் இன்னும் பிடிக்கும். நான் முதலில் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள், அதனால் பிராக்ஸ்மாக்ஸ்.

படி 1: கணினியும் பென்டிரைவும்

64 பிட் செயலி, 8 ஜி.பி நினைவகம், ஒரு எஸ்.எஸ்.டி, கேபிள் செருகும் லேன் போர்ட். லேன் போர்ட்டுக்கு விலக்கு இல்லை, ஏன் என்று கீழே வருகிறது. பயாஸுக்குள் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் மெய்நிகராக்க வசதியை இயக்குங்கள். இன்டெல்லில் அதன் பெயர் வி.டி.எக்ஸ், ஏ.எம்.டி-யில் எஸ்.வி.எம்.

பிராக்ஸ்மாக்ஸின் ஐ.எஸ்.ஓ (நிறுவல்) கோப்பை இறக்கி பென்டிரைவில் எழுதுங்கள். அதற்கு எட்சர் என்ற மென்பொருள் போதும். ரூஃபஸ் பயன்படுத்தினால் டி.டி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது. நிறுவும்போது தேர்ந்தெடுக்கும் டிஸ்க் முழுவதும் அழிந்துவிடும். முக்கியமான கோப்புகள் இருந்தால் முன்பே வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

படி 2: நிறுவல்

டிஸ்க், நேர மண்டலம், கடவுச்சொல் எல்லாம் வழக்கம்போல. நெட்வொர்க் பக்கத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அங்கே ஒரு ஐ.பி முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். ரவுட்டர் அந்த நேரத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்த முகவரி அது. நீங்கள் ‘நெக்ஸ்ட்’ அழுத்தியதும் பிராக்ஸ்மாக்ஸ் அதையே தன் நிரந்தர முகவரியாக எழுதிக்கொள்ளும். ரவுட்டருக்கு இந்தச் செய்தி தெரியாது. சில நாள் கழித்து அதே முகவரியை ஒரு கைபேசிக்குக் கொடுத்தால், நிர்வாகப் பக்கம் வருவதும் மறைவதுமாக இருக்கும். ஆகவே ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரம்புக்கு வெளியே ஒரு எண்ணைப் போடுங்கள். ரவுட்டர் 192.168.1.100 முதல் பங்கிடுகிறது என்றால், 192.168.1.50 மாதிரி ஒன்று.

மறுதொடக்கம் ஆனதும் வேறொரு கணினியின் உலாவியில் அந்த முகவரியை 8006 என்ற போர்ட்டுடன் திறங்கள். முன்னால் ஹெச்.டி.டி.பி.எஸ் இருக்கட்டும். சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வரும், அது பிராக்ஸ்மாக்ஸ் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழ், தொடரலாம். பயனர் பெயர் ரூட்.

படி 3: களஞ்சியத்தை மாற்றுதல்

புதுப்பிக்கப் போனால் 401 பிழை வரும். எதுவும் கெட்டுவிடவில்லை. புதுப்பிப்புகள் இறங்கும் களஞ்சியங்களில், சந்தா கட்டியவர்களுக்கானதுதான் இயல்பாக இணைக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் உங்கள் கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ‘அப்டேட்ஸ்’ கீழே ‘ரெபாசிட்டரீஸ்’ போங்கள். ‘என்டர்பிரைஸ்’ என்று இருப்பவற்றை முடக்குங்கள். செஃப் (Ceph) என்ற சேமிப்பக மென்பொருளின் பெயரிலும் ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து. அப்புறம் ‘ஆட்’ அழுத்தி ‘நோ சப்ஸ்கிரிப்ஷன்’ களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டுப் புதுப்பியுங்கள்.

படி 4: பிரிட்ஜ்

சரி, என்னை நிறுத்திவைத்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

நான் பயன்படுத்தியது ஒரு பழைய மடிக்கணினி. நிறுவும்போது கேபிள் செருகியிருந்தேன். பிறகு கேபிள் எட்டாத அறைக்கு அதை மாற்றினேன், வைஃபையைக் கையால் அமைத்தேன். பிராக்ஸ்மாக்ஸுக்கு இணையம் வந்தது, புதுப்பிப்புகள் இறங்கின. அதனால் நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு, பிழையை வி.எம்-க்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். வேறு லினக்ஸ் போட்டேன். டி.என்.எஸ் மாற்றினேன். ஃபயர்வாலை அணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வைஃபை கார்டை நேரடியாகப் பிரிட்ஜில் சேர்க்கப் பார்த்தபோதுதான் ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியில் எல்லாம் புரிந்தது.

நடப்பது இதுதான். நிறுவலின்போது பிராக்ஸ்மாக்ஸ் ‘வி.எம்.பி.ஆர்0’ என்ற பெயரில் ஒரு பிரிட்ஜை உருவாக்குகிறது. அதை ஒரு சுவிட்ச் பெட்டியாக மனதில் வையுங்கள். அதன் ஒரு துளையில் உங்கள் உண்மையான லேன் கார்டு, மற்ற துளைகளில் வி.எம்-கள். ஒவ்வொரு வி.எம்-க்கும் தனி மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) உண்டு. கேபிள் வழியாகப் போனால் ஒரே கார்டிலிருந்து பத்து மேக் முகவரிகள் வந்தாலும் ரவுட்டர் கவலைப்படாது, ஒவ்வொன்றையும் தனிக் கணினியாக நினைத்து ஐ.பி கொடுக்கும். வைஃபை அப்படி இல்லை. கடவுச்சொல் சொல்லி இணைந்த அந்த ஒரு மேக் முகவரியை மட்டுமே அக்சஸ் பாயின்ட்டுக்குத் தெரியும். வி.எம்-இன் முகவரியோடு வரும் தகவல் பொட்டலம் அதற்கு அடையாளம் தெரியாத ஆள், உள்ளே விடாது. லினக்ஸுக்கும் இது தெரியும் என்பதால்தான் சேர்க்கவே மறுக்கிறது.

ஆகவே வி.எம் உருவாக்கும் முன்பே ஒரு சரிபார்ப்பு: கணினியின் பெயர், ‘சிஸ்டம்’, ‘நெட்வொர்க்’. பிரிட்ஜ் இருக்கும் வரியில் ‘போர்ட்ஸ்’ என்ற கட்டத்தில் லேன் கார்டின் பெயர் (பெரும்பாலும் இ-என் என்ற எழுத்துகளில் தொடங்கும்) இருக்க வேண்டும். அந்தக் கார்டில் கேபிள் செருகியிருக்க வேண்டும். லேன் போர்ட் இல்லாத மடிக்கணினிக்கு யு.எஸ்.பி-யில் செருகும் ஈதர்நெட் அடாப்டர் போதும்.

கேபிளுக்கு வழியே இல்லையா? எந்தக் கார்டும் சேராத ஒரு பிரிட்ஜை உருவாக்கி, அதற்கு 10.10.10.0 மாதிரி தனி வலையமைப்பு கொடுத்து, நாட் (NAT: எல்லா வி.எம்-களும் பிராக்ஸ்மாக்ஸ் கணினியின் ஒரே முகவரியில் வெளியே போகும் முறை) மூலம் வெளியே அனுப்பலாம். இப்போது ‘எஸ்.டி.என்’ (மென்பொருளால் அமைக்கும் நெட்வொர்க்) பகுதியில் ‘சிம்பிள் சோன்’ வைத்து இதைக் கிளிக்கிலேயே செய்ய முடிகிறது. ஆனால் வெளியிலிருந்து வி.எம்-க்குள் வர ஒவ்வொரு போர்ட்டாகத் திருப்பிவிட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் கேபிளை நீட்டுவதே நல்லது.

படி 5: முதல் வி.எம், பிறகு அச்சு

‘லோக்கல்’ சேமிப்பகத்தில் ‘ஐ.எஸ்.ஓ இமேஜஸ்’ போய் டெபியனின் ஐ.எஸ்.ஓ-வை ஏற்றுங்கள். ‘கிரியேட் வி.எம்’ அழுத்தி அடுத்தடுத்துப் போங்கள். டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் வர்ட்டியோ (வி.எம்-களுக்கென்றே எழுதப்பட்ட வேகமான சாதன வகை), செயலி வகைக்கு ஒரே கணினி என்றால் ‘ஹோஸ்ட்’, வி.எம்-இன் நிலையைப் பிராக்ஸ்மாக்ஸுக்குச் சொல்லும் குவிமு ஏஜென்ட்டுக்கு டிக். ஏஜென்ட் மென்பொருளை வி.எம்-க்குள்ளும் நிறுவ வேண்டும், அப்போதுதான் அதன் ஐ.பி நிர்வாகப் பக்கத்தில் தெரியும்.

ஒரு வி.எம்-ஐச் சுத்தமாக அமைத்ததும் அதை ‘கன்வர்ட் டு டெம்ப்ளேட்’ செய்துவிடுங்கள். இனி புதுச் சர்வர் வேண்டும் என்றால் ‘க்ளோன்’, முடிந்தது. வாடகை கிளவுட்டில் இமேஜைத் தேர்ந்தெடுத்துச் சர்வர் எழுப்புகிறோமே, அதே வேலை. சிறிய சேவைகளுக்கு வி.எம் கூடத் தேவையில்லை, எல்.எக்ஸ்.சி கன்டெய்னர் சில நொடிகளில் எழுந்துவிடும், நினைவகமும் மிகக் குறைவாகவே எடுக்கும். டாக்கர் (இன்னொரு வகைக் கன்டெய்னர் மென்பொருள்) ஓட்டுவதற்கு மட்டும் நான் வி.எம்-ஐத்தான் விரும்புகிறேன். கன்டெய்னருக்குள் கன்டெய்னர் வைத்தால் ஒரு பெரிய புதுப்பிப்பில் எங்காவது உதைக்கும்.

படி 6: எஸ்3-க்குப் பதில்

எஸ்3 மாதிரியான கோப்புச் சேமிப்புக்குப் பலர் மினியோ என்ற மென்பொருளைச் சொல்வார்கள். 2025-இல் அதன் சமூகப் பதிப்பின் நிர்வாகப் பக்கத்திலிருந்து பல வசதிகளை எடுத்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது காராஜ். பிரான்சில் உள்ள டியூஃப்ளூர் என்ற அமைப்பு எழுதியது, ஒரே ஒரு நிரல் கோப்பு, சின்ன வி.எம்-இலும் ஓடும். எஸ்3-யின் மொழியையே பேசுவதால் உங்கள் நிரலில் சேவை முகவரியை மாற்றினால் பெரும்பாலும் போதும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மண்டலத்தின் (ரீஜன்) பெயர் காராஜின் அமைப்புக் கோப்பில் ‘காராஜ்’ (garage) என்று இருக்கும். உங்கள் நிரல் அமேசானின் மண்டலப் பெயரை அனுப்பினால் சாவி சரியாக இருந்தும் உள்ளே விடாது. இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

படி 7: பேக்கப்பும் அதை மீட்டுப் பார்ப்பதும்

‘டேட்டாசென்டர்’, ‘பேக்கப்’, ‘ஆட்’. நேரம், எத்தனை பிரதிகள் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கொடுங்கள். சேமிக்கும் இடம் வேறொரு டிஸ்க்காகவோ வேறொரு கணினியாகவோ இருக்க வேண்டும். அதே எஸ்.எஸ்.டி-யில் வைத்தால் அது செத்த அன்று இரண்டும் சேர்ந்தே போகும்.

முதல் பேக்கப் முடிந்ததும் அதை வேறு ஒரு எண்ணில் ‘ரீஸ்டோர்’ செய்து, எழுகிறதா என்று பாருங்கள். அப்போது ‘யுனீக்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். போடாவிட்டால் பழையதும் புதியதும் ஒரே மேக் முகவரியோடு ஓடி ஒன்றையொன்று தள்ளிவிடும்.

வெளியிலிருந்து அணுக வேண்டுமானால் 8006-ஐ இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள். ஒரு சின்ன வி.எம்-இல் வயர்கார்ட் என்ற வி.பி.என் மென்பொருளைப் போட்டு அதன் வழியாக உள்ளே வாருங்கள்.

பிற்சேர்க்கை 1: ‘கே.வி.எம் இல்லை’ என்று பிழை வந்து வி.எம் எழவே இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருக்கும் பயாஸில் மெய்நிகராக்கம் அணைந்திருந்தது. படி 1-ஐ ஒருமுறை பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: கணினிக்குள் புதிதாக ஒரு கார்டு செருகியதும் பிராக்ஸ்மாக்ஸே நெட்வொர்க்கில் காணாமல் போய்விட்டது என்றார் ஒருவர். லேன் கார்டின் பெயர் அது உட்கார்ந்திருக்கும் வரிசையை வைத்து அமைகிறது, புதுக் கார்டு வந்ததும் எண் நகர்ந்துவிட்டது. பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. திரையும் விசைப்பலகையும் மாட்டி, நெட்வொர்க் அடைவில் உள்ள ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் புதுப் பெயரைப் போட்டால் திரும்பிவிடும். 9-ஆம் பதிப்பில் பெயரை நிலையாகப் பூட்டிவைக்கும் கருவியும் வந்துவிட்டது.

பிற்சேர்க்கை 3: வேறு நெட்வொர்க்குக்குக் கணினியை மாற்றுபவர்கள் அதே ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் ஐ.பி-யை மாற்றுவதோடு நிற்காமல் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பிலும் மாற்றுங்கள். மடிக்கணினி என்றால் மூடியை மூடியதும் தூங்கிவிடும். ‘லாகின்டி’ அமைப்புக் கோப்பில் மூடி சுவிட்சுக்கான வரியை ‘இக்னோர்’ என்று மாற்றி மறுதொடக்கம் செய்தால், மூடிவைத்தபடியே ஓடும்.