கிடங்கில் எலிப்புழுக்கை: துடைப்பத்தை எடுக்கும் முன்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும் முன் எஸ்டேட் ஸ்டோர்களைத் திறந்து கூட்டிப் பெருக்குவார்கள். சேலத்து ஜவ்வரிசி குடோன்களிலும் சரக்கு மாறும்போது இதே வேலைதான். மூலையில் எலிப்புழுக்கையைக் கண்டதும் கை துடைப்பத்துக்குப் போகும். எலி பரப்பும் ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸ்களைப் பொறுத்தவரை, முதல் தவறு அதுதான்.

அந்த வைரஸ்களில் ஒன்றான ஹண்டா தொற்றிய எலிக்குப் பார்வைக்கு ஒரு நோயும் இருக்காது. ஓடியாடிக்கொண்டே மாதக்கணக்கில் சிறுநீர், புழுக்கை, எச்சில் மூன்றிலும் வைரஸை வெளியேற்றும். இவை காய்ந்து தூளாகிக் காற்றில் எழும்போது மனிதர் மூச்சோடு இழுத்துக்கொள்கிறார். எலி கடித்தும் தொற்றலாம். ஆனால் அது அபூர்வம். கொரியப் போரில் 3,000-க்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்கள் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். காரணம் 1976-இல்தான் பிடிபட்டது: லீ ஹோ வாங் என்ற கொரிய விஞ்ஞானி வரிமுதுகு வயல் எலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்தார். அர்ஜென்டினாவின் ஹூனின், பொலிவியாவின் மச்சுபோ, மேற்கு ஆப்பிரிக்காவின் லாஸா ஆகியவை வேறு குடும்பத்து வைரஸ்கள். அவையும் எலியின் கழிவு வழியாகத்தான் மனிதரைச் சேர்கின்றன. அவற்றின் எலி இனங்கள் இங்கே கிடையாது. ஹண்டாவில் ஒரு வகையான சியோல் வைரஸை மட்டும் துறைமுகம் துறைமுகமாகப் பரவிய பழுப்பு எலி உலகெங்கும் கொண்டுபோயிருக்கிறது.

ஆகவே கூட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும். கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு 30 நிமிடம் வெளியே இருங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, புழுக்கையும் எலி கட்டிய கூடும் சொட்டச் சொட்ட நனையும்படி குளோரின் கரைசலைத் தெளியுங்கள். 5 நிமிடம் கழித்துக் காகிதத்தாலோ பழைய துணியாலோ வழித்தெடுத்து, இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். கடைசியில் அதே கரைசலால் தரையைத் துடையுங்கள். கையுறையைக் கழற்றுவதற்கு முன் கையுறையோடு கழுவி, கழற்றியபின் வெறுங்கையைச் சோப்பால் கழுவுங்கள். வாக்குவம் கிளீனர் துடைப்பத்தைவிட மோசம். வாயில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. மூக்கோடு இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது.

கரைசலில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கடையில் விற்கும் திரவ பிளீச் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 15 கிராம், சுமார் 0.5 சதவீதக் குளோரின் கிடைக்கும். ஆனால் அது புதிய பவுடருக்குச் சொன்ன கணக்கு. மூட்டை வாய் திறந்து ஒரு மழைக்காலம் கிடந்த பவுடரில் மணம்கூட மிஞ்சாது. நேற்றுக் கரைத்ததையும் நம்ப வேண்டாம், அன்றன்றைக்குக் கரையுங்கள். 'இன்னும் பலமாக இருக்கட்டும்' என்று கழிவறை ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய ஸ்டோருக்குள் அந்த வாயு எந்த வைரஸுக்கும் முன்னால் உங்களைச் சாய்த்துவிடும்.

சாக்கு, காகிதம் போல நனைக்க முடியாதவற்றை வெயிலில் பல மணி நேரம் பரப்பி வையுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, வெயிலுக்கும் சோப்புக்கும் தாங்காது. ஆனால் குளிரான, இருட்டான இடத்தில் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். மூடுபனிக்காலத்துச் சேர்வராயன் மலையில் 'வெயில் வந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

எலி நடமாட்டம் நிற்காமல் சுத்தம் செய்வதும் வீண் வேலை. முதலில் பொறி வையுங்கள். ஒரு வாரம் எதுவும் சிக்கவில்லை என்றால் சுத்தம் செய்யத் தொடங்கலாம். ஒட்டும் அட்டை வேண்டாம். உயிரோடு ஒட்டிக்கொண்டு துடிக்கும் எலி பயத்தில் சிறுநீர் கழிக்கும், நாம் அஞ்சுவது அதைத்தான். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும், பெரிய எலிக்கு 12. கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூசுங்கள்; துணியையோ தெர்மாகோலையோ அடைத்தால் ஒரே இரவில் கடித்துவிடும்.

ஆய்வுக்காக விலங்குகளைப் பிடிப்பவர்கள் செய்யும் தவறு வேறு. கூண்டில் மூஞ்சூறு விழுந்தால் 'இது எலியில்லை' என்று வெளியே விட்டுவிடுவார்கள். 1964-இல் வேலூரின் தொட்டபாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்துதான் தொட்டபாளையம் வைரஸ் கிடைத்தது. கொரியாவில் லீ கண்டுபிடித்த ஹண்டான் வைரஸுக்குப் பல ஆண்டுகள் முன்பே கைக்கு வந்தும், அது ஹண்டா இனம் என்பது பின்னர்தான் தெரிந்தது. மனிதருக்கு அதனால் நோய் வருகிறது என்று நிரூபணமில்லை. இருந்தாலும் மூஞ்சூறைக் கணக்கில் சேர்க்காத ஆய்வு தமிழ்நாட்டில் அரைகுறை ஆய்வுதான். கூண்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பதும் கூடாது. திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று திறக்க வேண்டும்.

அடுத்தது காய்ச்சல். தொற்றியபின் அறிகுறி தெரிய 1 முதல் 2 வாரம் ஆகும். சிலருக்கு 8 வாரம் வரைகூட இழுக்கும். அதனால் 'குடோன் கூட்டியது போன மாசம்தானே' என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறார்கள். தேதியோடு சொல்லுங்கள். அதற்காக நேராக ஹண்டா என்று குதிக்கவும் வேண்டாம். சேலம் பக்கம் காய்ச்சலும் ரத்தத் தட்டணுக் குறைவும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்), ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்), டெங்கு இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதலிரண்டும் பாக்டீரியா நோய்கள், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படும். ஹண்டா கட்டுப்படாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் ஐ.ஜி.எம். சோதனை ஒரே ஒரு முறை பாசிட்டிவ் என்றால் முடிவு கட்டிவிடாமல், இரண்டு வாரம் கழித்து இன்னொரு ரத்த மாதிரி எடுத்து எதிர்ப்பொருள் அளவு ஏறுகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஹண்டா ஏற்கெனவே சிறுநீரகத்தைத்தான் தாக்குகிறது, இந்த மாத்திரைகள் அந்தச் சேதத்தையும் ரத்தக்கசிவையும் கூட்டும். அளவோடு பாராசிட்டமால் போதும். சிறுநீர் குறையத் தொடங்கியபின் பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்பதும் ஆபத்து. நீர் நுரையீரலில் தேங்கும். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதிக்கொண்டு, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.