ரெகுலேட்டரைத் திருகும் முன்: சோடா மூடி மெஷினை செட் செய்யும் முறை

பன்னீர் சோடா போடும் சின்ன யூனிட்டுகளுக்கு மூடி மெஷின் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். மதுரையில் இருந்துகொண்டு நத்தம், திண்டுக்கல், அந்தப் பக்கம் விருதுநகர் வரைக்கும் பைக்கில் போய்வருவேன். வருகிற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "தம்பி, கேஸ் நிக்க மாட்டேங்குது. பிரஷர் ஏத்திப் பாத்துட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு." அந்த இரண்டாவது வரியைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கேஸ் நிற்காததுகூட ஒரு மணி நேர வேலை. பிரஷரை ஏற்றி ஓட்டிய பாட்டில்களைத் தேடிப் பிடித்துக் கொட்டுவது அப்படியல்ல.

நான் சொல்வது காற்றில் ஓடும் ஒற்றைத் தலை மெஷினுக்கு. மேலே தலையைக் கீழே தள்ளும் காற்று சிலிண்டர், கீழே பாட்டில் நிற்கும் தட்டு, காலடியில் பெடல். சிலிண்டருக்குப் போகும் காற்றின் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் ரெகுலேட்டர். ஆள் ஒருவர் மூடியை வைத்து மிதித்தால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டில் போகும்.

முதலில் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் இதைக் கார்க் என்றுதான் சொல்வோம். உள்ளே கார்க் வைப்பது நின்று பல காலம் ஆகிறது, இப்போது இருப்பது பிளாஸ்டிக் லைனர். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் என்பவர் 1892-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது சுற்றி 24 பல் இருந்தது. இன்றைய மூடியில் எண்ணினால் 21. அடிக்காத மூடியின் குறுக்களவு 32 மி.மீ. சொச்சம். சரியாக அடித்த மூடி 28.6-க்கும் 28.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சோடாவைக் காப்பாற்றுவது இந்த மூன்று மி.மீ. சுருக்கம்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தண்ணீரின் அளவைப் போல நான்கு மடங்கு கேஸ் கரைந்த சோடா, 30 டிகிரி சூட்டில் பாட்டிலுக்குள் ஏறத்தாழ 5 பார் அழுத்தம் கொடுக்கும் (ஒரு பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ). பெட்டிக்கடை வாசலில் வெயிலில் கிடந்தால் அதற்கும் மேல். பாட்டில் வாய் மூடியைத் தொடும் வட்டம் 20 மி.மீ. என்று வையுங்கள், உள்ளே இருந்து 15 கிலோ எடை மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கோலி சோடாவில் அந்தத் தள்ளல்தான் கோலியை ரப்பரோடு அழுத்தி வாயை அடைக்கிறது, மெஷின் வேலையே இல்லை. இங்கே அதே தள்ளல் நமக்கு எதிரி.

தலைக்குள் இரண்டு உறுப்புகள் முக்கியம். நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் முளை. அது மூடியின் உச்சியைப் பிடித்து லைனரைக் கண்ணாடி விளிம்போடு அழுத்துகிறது. அதைச் சுற்றி ஒரு எஃகு வளையம், பிட்டர்கள் த்ரோட் என்போம். முளை அழுத்திக்கொண்டிருக்கும்போதே த்ரோட் கீழே இறங்கிப் பற்களை உள்பக்கமாக மடக்குகிறது. அழுத்துவது ஒன்று, மடக்குவது இன்னொன்று. இது மனதில் இருந்தால் மெஷினில் வரும் கோளாறில் பாதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். காற்று லைனை மூடி, உள்ளே நிற்கும் காற்றையும் வெளியே விட்டு, பிரஷர் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் தலைக்குக் கீழே கை போக வேண்டும். 100 மி.மீ. சிலிண்டர் 6 பாரில் தருவது ஏறத்தாழ 480 கிலோ. பெடலைத் தெரியாமல் யாராவது மிதித்தால் விரல் இல்லை. பெடலுக்கு மேலே ஒரு தகரக் கூடு மாட்டி வையுங்கள். கண்ணாடி தெறிக்கும் இடம் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி போடாதவரை நான் மெஷின் பக்கமே விடுவதில்லை.

இனி உயரம். இதில்தான் பத்து நிமிடம் பொறுமை வேண்டும். உங்களிடம் இருப்பதிலேயே குள்ளமான பாட்டிலைத் தட்டில் நிறுத்தி மூடியை வையுங்கள். தலையைக் கையாலேயே கீழே இழுத்து, த்ரோட் மூடியின் பற்களில் உட்கார்ந்ததும் நிறுத்தி, தட்டிலிருந்து த்ரோட்டின் அடி விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். பாட்டிலை எடுத்துவிட்டு, தலையை இனிமேல் இறங்காது என்கிற வரைக்கும் இழுத்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூடியைத் தொட்ட பிறகு சிலிண்டரிடம் மிச்சம் இருக்கும் ஓட்டம். மூடியின் உயரம் 6 மி.மீ. பற்களை மடக்கி முடிக்க அவ்வளவு தேவை, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும். நான் 15 மி.மீ. வைப்பேன். குறைந்தால் தூணில் இருக்கும் திருகைச் சுற்றித் தலையை இறக்குங்கள், கூடினால் ஏற்றுங்கள். அப்புறம் உங்களிடம் இருப்பதிலேயே நெட்டைப் பாட்டிலை வைத்து, அது இடிக்காமல் உள்ளே போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருகைப் பூட்டுங்கள்.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், நத்தம் பக்கம் ஒரு யூனிட்டில் நடந்தது அப்படி. அண்ணாச்சி பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரிடம் மலிவாக ஒரு லோடு ரிட்டர்ன் பாட்டில் வாங்கியிருந்தார். பார்க்க எல்லாம் ஒன்றுதான். தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிலது 4 மி.மீ. குள்ளம். அந்தக் குள்ளப் பாட்டிலில் சிலிண்டர் அடியில் போய் முட்டி நின்ற பிறகும் பற்கள் பாதிதான் மடங்கியிருந்தன. சிலிண்டர் முட்டி நின்றுவிட்டால் 6 பார் வைத்தாலும் 8 பார் வைத்தாலும் ஒன்றுதான், அந்த பலம் பாட்டிலுக்குப் போகாது, மெஷின் தனக்குள்ளேயே தாங்கிக்கொள்ளும். அண்ணாச்சி 8 வரைக்கும் ஏற்றிவிட்டார். குள்ளப் பாட்டில் கசிந்தபடியே இருந்தது. நெட்டைப் பாட்டிலோ 640 கிலோ அடியை முழுசாக வாங்கிக்கொண்டது.

நான் போனபோது ஒரு கிரேட் எடுத்துச் சும்மா மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது பாட்டிலில் வாய் விளிம்பிலிருந்து அரிசி முனை அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. சில்லு மூடிக்குள் இல்லை.

"அண்ணாச்சி, இது உள்ளே விழுந்திருக்கு."

"ஒரு பாட்டில்தானே தம்பி?"

"எதுல விழுந்திருக்கு, எதுல விழலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே பையன்களைக் கூப்பிட்டு, அன்றைக்கு அடித்தது மொத்தத்தையும் கொட்டச் சொன்னார். தலையை 10 மி.மீ. இறக்கி, ரெகுலேட்டரை ஐந்தரைக்குக் கொண்டுவந்து, பாட்டிலை உயரம் பார்த்துப் பிரிக்க ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தேன். சட்டத்துக்குக் கீழே நுழைகிற பாட்டில் தனி, தட்டுகிற பாட்டில் தனி. இப்போதும் அந்தச் சட்டம்தான் அங்கே வேலை பார்க்கிறது.

உயரம் சரியான பிறகு காற்றைத் திறந்து, 5 பாரில் ஆரம்பித்து ஐந்து பாட்டில் அடியுங்கள். கேஜ் தட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதில் 28.8-க்கு ஒரு ஓட்டை, 28.6-க்கு ஒரு ஓட்டை. பெரிய ஓட்டை அடித்த மூடியின் மேல் முழுக்க இறங்க வேண்டும், சின்னது இறங்கக் கூடாது. பெரியதே இறங்கவில்லை என்றால் மடக்கு போதவில்லை, கால் பார் ஏற்றுங்கள். சின்னதும் இறங்கிவிட்டால் அளவுக்கு மீறி இறுகிவிட்டது, குறைத்துவிடுங்கள். உங்கள் மூடிக்காரர் கொடுக்கும் தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கேஜ் இல்லாதவர்கள் வெர்னியரில் மூடியைச் சுற்றி மூன்று இடத்தில் அளக்கலாம். மூன்றும் ஒத்துவராவிட்டால் மூடி முட்டை வடிவமாக மடங்கியிருக்கிறது. பாட்டில் நடுவில் நிற்கவில்லை, இல்லாவிட்டால் த்ரோட் தேய்ந்துவிட்டது. அதே பாட்டிலைத் திருப்பி நிறுத்தி, புது மூடி வைத்து அடித்துப் பாருங்கள். கோணல் மெஷினின் ஒரே பக்கத்தில் வருகிறது என்றால் கோளாறு மெஷினில். பாட்டிலோடு சேர்ந்து திரும்புகிறது என்றால் கோளாறு பாட்டிலில்.

கேஜுக்கு அடுத்தபடி நான் நம்புவது லைனரை. அடித்த மூடி ஒன்றைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டில் வாய் பதிந்த தடம் முழு வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அழுத்தமாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் பிறை மாதிரி இருந்தால் மூடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கேஜில் பாஸ் ஆகி, இங்கே பெயில் ஆகும் மூடி உண்டு. சாயங்காலம் வரை கேஸ் நின்று, மறுநாள் கடையில் புஸ்ஸென்று போவது இந்த ரகம்தான். தட்டில் பாட்டிலை நிறுத்தும் வழிகாட்டி ஆடுகிறதா, தட்டில் சர்க்கரைப் பாகு காய்ந்து மேடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரையில் பாகுதான் அதிகம்.

கசிவு பார்க்கப் பாட்டிலைத் தண்ணீர் வாளியில் முக்குவார்கள். முக்கியதும் குமிழி வரும், உடனே பயப்பட வேண்டாம். பற்களின் மடிப்புக்குள் நிற்கும் காற்று அது. விரலால் மூடியைத் தட்டி அதை விரட்டிவிட்டு, ஒரு நிமிடம் கழித்தும் ஒரே இடத்திலிருந்து ஊசி மாதிரிக் கோடாக ஏறினால்தான் கசிவு. சாதாரணத் தண்ணீர் போதும், சுடுதண்ணீர் கூடவே கூடாது. சோடா பாட்டில் வெடித்தால் வாளி தாங்காது.

எல்லாம் சரியாக இருந்தும் கேஸ் குறைவு என்று கடைக்காரர் சொன்னால், மெஷினை விட்டுவிட்டு நிரப்பும் இடத்தைப் பாருங்கள். நிரப்பிய பாட்டில் மூடிக்காக வரிசையில் நிற்கும் நேரத்திலேயே கேஸ் போய்விடும், தண்ணீர் போதுமான அளவுக்கு ஜில்லென்று இல்லாவிட்டால் இன்னும் வேகமாக. மெஷினில் இருக்கும் பையன் டீ குடிக்கப் போனால் நிரப்புகிறவரும் நிறுத்த வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் கம்ப்ரஸர் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குப் போனால் உள்ளே காற்றைக் கசியாமல் பிடிக்கும் சீல் கெட்டு, பலம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மறுபடி ரெகுலேட்டரில் கை வைக்கத் தோன்றும். வேலை முடிந்ததும் த்ரோட்டை வெந்நீர்த் துணியால் துடையுங்கள். பாகு ஒட்டியிருந்தாலோ முளையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ தலை மேலே போகும்போது பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போகும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், பாதி உயரத்தில் கழன்று விழும்வரை. மூடிப் பெட்டியை ஈரத் தரையில் வைக்காதீர்கள், பல் நுனி துருப்பிடித்துப் பாட்டில் வாயில் கறை விடும்.

மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடச் சொல்வேன். தேதி, ரெகுலேட்டர் முள், கேஜ் பாஸா பெயிலா, அவ்வளவுதான். போன மாதம் 5-இல் பாஸான அதே பாட்டிலுக்கு இந்த மாதம் 6 தேவைப்படுகிறது என்று நோட்டு சொன்னால், சீலோ த்ரோட்டோ போய்க்கொண்டிருக்கிறது. அப்போதே போன் பண்ணுங்கள், வரும்போதே உதிரிப் பாகத்தைக் கையோடு எடுத்து வந்துவிடுவேன்.